மச்சுக்கு ஏறும் மரப்படியைச் சீர்செய்வது எப்படி?

மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றியுள்ள பழைய தெருக்களில் வீடுகளுக்கு அகலம் குறைவு, நீளம் அதிகம். பட்டாசாலையின் (வீட்டுக் கூடத்தின்) ஏதோ ஒரு மூலையில், பாதி ஏணியும் பாதி படியுமாக ஒரு மரப்படி மேலே உள்ள மச்சுக்குச் செங்குத்தாக ஏறும். திருமலை நாயக்கர் மகால் பக்கத்து நெசவாளர் வீடுகளில் இதைப் பார்க்கலாம். சோழவந்தான், மேலூர்ப் பக்கம் நெல் மூட்டையை மேலே ஏற்றி வைத்த வீடுகளிலும் பார்க்கலாம்.

இப்படி ஒரு வீட்டை வாங்கியவர்களும், பாகப்பிரிவினையில் தாத்தா வீடு வந்து சேர்ந்தவர்களும் முதலில் நினைப்பது, இந்தப் படியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு இரும்புச் சுருள்படி வைத்துவிடலாம் என்பதுதான். அவசரப்பட வேண்டாம். சுருள்படிக்கு ஐந்தடி விட்டமாவது இடம் வேண்டும். இடத்தைக் கொடுத்த பிறகும் அதன் உட்பக்கத்தில் கால் வைக்க முடியாது. சாமான் எதையும் மேலே கொண்டுபோகவும் முடியாது. பழைய மரப்படி பெரும்பாலும் தேக்கு, வேங்கை போன்ற வைரம் பாய்ந்த மரத்தில் செய்யப்பட்டிருக்கும். இன்று அந்த மரத்தைக் கன அடிக் கணக்கில் விலை கேட்டுப் பாருங்கள், பிடுங்க மனம் வராது. பலகைகளைத் தாங்கும் பக்கச் சட்டம் கெட்டியாக இருந்தால் மற்றதையெல்லாம் சரிசெய்துவிடலாம். பாதி வேலை தச்சு அனுபவம் இல்லாதவரும் செய்யக்கூடியது. மீதிக்கு ஓர் ஆசாரி வேண்டும்; எதற்கு அவர் வேண்டும் என்பதை அங்கங்கே சொல்கிறேன்.

எந்த வரிசையில் செய்வது என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. முதலில் உறுதி, அடுத்து காலுக்கு இடம், அடுத்து வழுக்காத விளிம்பு, அடுத்து கைப்பிடி. பாலிஷ் கடைசி. பலர் பாலிஷில் தொடங்கி பாலிஷிலேயே முடித்துவிடுகிறார்கள். படி முன்பைவிட அழகாகவும் முன்பைவிட ஆபத்தாகவும் ஆகிவிடுகிறது.

படி ஏன் பயமுறுத்துகிறது

டேப்பை எடுத்து இரண்டு அளவு பாருங்கள். ஒரு மிதிபலகையின் மேல்முகத்திலிருந்து அடுத்த பலகையின் மேல்முகம் வரை எவ்வளவு உயரம்? ஒரு பலகையின் முன்விளிம்பிலிருந்து அடுத்த பலகையின் முன்விளிம்பு வரை, தரைமட்டமாக அளந்தால், எவ்வளவு? பழைய மச்சுப்படியில் உயரம் 9 அங்குலமும் தரைமட்ட அளவு 6 அங்குலமும் இருப்பது சாதாரணம். அதாவது சாய்வு ஏறக்குறைய 56 டிகிரி. ஏறுவதற்குச் சுகமான படி 30 முதல் 37 டிகிரிக்குள் அடங்கிவிடும்.

17-ஆம் நூற்றாண்டில் பிரான்சுவா ப்ளோந்தெல் என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ஒரு கணக்குச் சொன்னார்: உயரத்தை இரட்டித்து, அதோடு தரைமட்ட அளவைக் கூட்டினால் மனிதனின் ஓரெட்டு நீளம் வர வேண்டும். இன்றைய அளவில் 24 அல்லது 25 அங்குலம். நம் மச்சுப்படியை அதில் போட்டால் இரண்டு ஒன்பது பதினெட்டு, அதோடு ஆறு, 24. கணக்குச் சரியாகவே வருகிறது! அந்தக் காலத்து ஆசாரி எட்டு வைப்பதில் பிழை செய்யவில்லை. சிக்கல் பாதத்தில் இருக்கிறது. வளர்ந்த ஒருவரின் பாதம் ஒன்பது, பத்து அங்குலம், கிடைப்பது ஆறு. ஏறும்போது பாதத்தின் முன்பாதி பலகையில் ஊன்றுவதால் சமாளித்துவிடுகிறோம். இறங்கும்போது குதிகால் மட்டும் பலகையில் நிற்க, பாதத்தின் பெரும்பகுதி அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். மச்சுப்படியில் விழுபவர்கள் இறங்கும்போது விழுவதன் காரணம் இதுதான்.

இதே சிக்கல் கடலில் போகும் சிறிய பாய்மரப் படகுகளுக்கும் உண்டு. மேல்தளத்திலிருந்து கீழறைக்கு இறங்க அங்கேயும் இடம் கிடையாது, படியும் இதே செங்குத்துதான். போதாததற்குப் படகு ஆடும், சாயும், படியில் தண்ணீரும் சொட்டும். அதனால் படகுக்காரர்கள் சில வழிகளைப் பழக்கத்தில் வைத்திருக்கிறார்கள்: படியைப் பார்த்தபடியே இறங்குவது, இரண்டு பக்கமும் பிடி வைப்பது, மிதிபலகையில் சொரசொரப்பு ஏற்படுத்துவது. படகு சாயும்போதும் கால் சமமாக ஊன்ற வேண்டும் என்று சிலர் பலகையின் இரண்டு ஓரத்தையும் சற்று மேல்நோக்கி வளைத்தே செய்வார்கள். அந்த வளைவு நமக்கு வேண்டாம், வீடு சாயாது. மற்ற மூன்றும் வைகைக் கரையிலும் செல்லுபடியாகும்.

கருவி எடுக்கும் முன் ஒரு சோதனை

ஒரு டார்ச், ஒரு கோணி ஊசி, ஒரு ரசமட்டம், ஒரு சாக்பீஸ். இவ்வளவு போதும்.

படியின் அடியில் உட்கார்ந்து, மிதிபலகைகளைத் தாங்கும் இரண்டு பக்கச் சட்டங்களையும் ஊசியால் குத்திக்கொண்டே மேலே போங்கள். நல்ல மரத்தில் ஊசி ஒரு நூல் அளவுகூட இறங்காது, கை வலிக்கும். (தச்சுக் கணக்கில் ஒரு நூல் என்பது ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு.) உளுத்த இடத்தில் ஊசி வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கும். இறங்கிய இடங்களில் சாக்பீஸால் குறியிடுங்கள். பெரும்பாலும் குறிகள் இரண்டு இடத்தில் கூடும்: சட்டம் தரையைத் தொடும் அடிப்பகுதியிலும், மேலே சுவரை ஒட்டிய பகுதியிலும். அடியில் தினமும் தரை துடைக்கும் தண்ணீர்; மேலே ஓட்டுக்கூரை அல்லது மட்டப்பா (தட்டையான மொட்டைமாடித் தளம்) ஒழுகிய தண்ணீர்.

அடுத்து பூச்சி. சுவரிலிருந்து மண்கோடு போட்டு மரத்துக்குள் நுழைந்திருந்தால் அது கரையான். குண்டூசித் தலை அளவில் வட்டத் துளைகளும், கீழே கோலமாவு போன்ற நைஸான தூளும் இருந்தால் அது மரவண்டு. துளை பழையதா, வண்டு இன்னும் உள்ளே இருக்கிறதா என்பது பார்த்தவுடன் தெரியாது. இரவில் படிக்கு அடியில் கறுப்புத் துணியை விரித்துவிட்டு, படியை லேசாகத் தட்டி, பழைய தூளை உதிர்த்துத் துடைத்து, மறுபடி விரித்து வையுங்கள். சில நாள்கள் கழித்துத் துணியில் புதுத்தூள் சிறு குவியலாக விழுந்திருந்தால் உள்ளே வேலை நடக்கிறது என்று பொருள்.

மூன்றாவது, ரசமட்டம். ஒவ்வொரு பலகையிலும் முன்பின்னாக வைத்துப் பாருங்கள். சுவரோ தரையோ இறங்கியதில் படி முழுவதும் முன்பக்கம் சாய்ந்திருக்கக்கூடும். முன்சாய்வு கண்ணுக்குத் தெரியாது, கால் மட்டும் வழுக்கிக்கொண்டே இருக்கும்.

நான்காவது, உயரம். எல்லாப் படிகளின் உயரத்தையும் சுவரில் எழுதுங்கள். நடுவில் உள்ளவை ஒரே அளவாக இருக்கும். முதல் படியையும் கடைசிப் படியையும் கவனியுங்கள். பட்டாசாலையில் பழைய தளத்தின் மேலேயே டைல்ஸ் ஒட்டியிருந்தால் தரை ஓர் அங்குலத்துக்கு மேல் உயர்ந்து, முதல் படி குட்டையாகிவிட்டிருக்கும். கால் ஓர் உயரத்துக்குப் பழகிவிட்டால் அடுத்த படியும் அதே உயரத்தில்தான் இருக்கும் என்று நம்பி இறங்கும். மூன்று நூல் வித்தியாசமே தடுக்கிவிடப் போதும்.

மேலே சட்டம் எதில் தொங்குகிறது என்பதையும் டார்ச் அடித்துப் பாருங்கள். உத்திரத்தில் கொக்கியோ போல்ட்டோ போட்டு மாட்டியிருந்தால் நல்லது. வெறும் சுண்ணாம்புக் காரை விளிம்பில் சாய்த்து வைத்திருந்தால் அதுதான் முதல் வேலை. உத்திரமே அரித்திருந்தால் இந்தக் கட்டுரையை மூடிவைத்துவிட்டுக் கட்டட வேலை தெரிந்தவரை அழையுங்கள். அது படிப் பிரச்சினை இல்லை, கூரைப் பிரச்சினை.

பூச்சிக்கு மருந்து

வண்டுக்கு எளிய மருந்து போரிக் அமிலமும் வெங்காரமும் (போராக்ஸ்). ஐந்து லிட்டர் சூடான தண்ணீரில் 100 கிராம் போரிக் பவுடரும் 150 கிராம் வெங்காரமும் கரைத்தால் ஐந்து சதவீதக் கரைசல் கிடைக்கும். பெயிண்டையும் வார்னிஷையும் நீக்கிய வெறும் மரத்தில் தாராளமாகப் பூசுங்கள் (நீக்கும் முன் கடைசியில் வரும் பெயிண்ட் பகுதியைப் படித்துவிடுங்கள்). காயும் முன் மறுமுறை, பிறகு இன்னொரு முறை. துளைகளுக்குள் ஊசி போடும் சிரிஞ்சால் செலுத்தலாம். மரம் ஈரமாக இருக்கும்வரைதான் மருந்து உள்ளே ஊறும். அதனால் பூசி முடித்துப் பாலித்தீன் தாளால் இரண்டு நாள் மூடி வையுங்கள். பிறகு நிழலில் நன்றாகக் காயவிடுங்கள். தண்ணீர் பட்டால் இந்த மருந்து கரைந்து வெளியேறும். எனவே மேலே வார்னிஷ் அவசியம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கரைசலைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

கரையானுக்கு இது மட்டும் போதாது. அதன் புற்று மண்ணில் இருக்கிறது. தரைக்கும் சுவருக்கும் மருந்து அடிக்க அதற்குரிய ஆள்களை அழைத்துவிட்டு, அதன் பிறகு படியில் கை வையுங்கள்.

அடிக்கட்டையைத் தரையிலிருந்து பிரிப்பது

பழைய வீடுகள் பலவற்றில் முதல் படி கல்லாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மரம் தரை ஈரத்தைத் தொடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. உங்கள் வீட்டில் அது இல்லை என்றால், அல்லது டைல்ஸ் ஒட்டியபோது புதைந்துவிட்டது என்றால், நீங்களே அந்த ஏற்பாட்டைச் செய்துவிடலாம். இதற்கு ஆசாரி வேண்டும்: படியை முட்டுக்கொடுத்து நிறுத்தி, சட்டத்தின் அடியில் இற்றுப்போன ஓரங்குலத்தை நேராக அறுத்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அதே கனத்துக்குக் கிரானைட் துண்டு வைக்க வேண்டும். கிரானைட் கடைகளில் வெட்டி ஒதுக்கிய துண்டுகள் மலிவாகக் கிடைக்கும்.

அறுத்த முனையில்தான் கவனம் வேண்டும். மரத்தின் நரம்புகள் வெட்டுப்பட்டு வாய்திறந்திருக்கும் முகம் அது. பக்கவாட்டைவிடப் பல மடங்கு வேகமாகத் தண்ணீர் குடிக்கும். இரண்டு பகுதியாக வரும் எபாக்சிப் பசையைக் கலந்து அந்த முகத்தில் இரண்டு முறை பூசுங்கள். முதல் பூச்சை மரம் உறிஞ்சிவிடும், இரண்டாவது மேலே நிற்கும்.

ஆட்டமும் கிரீச்சும்

மிதிபலகைகள் பக்கச் சட்டத்தில் வெட்டிய காடிக்குள் (நீளப் பள்ளத்துக்குள்) செருகியிருக்கும். மதுரையில் சித்திரை, வைகாசியில் மரம் வற்றிச் சுருங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊதும். ஆண்டுக்கு ஆண்டு இப்படிச் சுருங்கி ஊதியே காடி தளர்ந்துவிடுகிறது. பலகை ஆடுகிறது, கிரீச்சிடுகிறது. ஆணி அடித்து இதை நிறுத்தலாம் என்று தோன்றும். ஆணி ஓர் ஆண்டு பிடிக்கும், பிறகு ஆணியும் சேர்ந்து ஆடும்; தேக்கு போன்ற மரத்தில் இரும்பாணி துருப்பிடித்துச் சுற்றிலும் கறுப்பேற்றிவிடும்.

முதலில் இரண்டு சட்டங்களையும் ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்க வேண்டும். மேலிருந்து இரண்டாவது படிக்கும் கீழிருந்து இரண்டாவது படிக்கும் அடியில், பலகையை ஒட்டி, ஒரு சட்டத்திலிருந்து மறு சட்டத்துக்கு 10 மில்லிமீட்டர் மறைக் கம்பியை (நட்டு ஏறும்படி நெடுகத் திருகுவரி வெட்டிய கம்பி) ஊடுருவச் செலுத்தி, இருபுறமும் வாஷரும் நட்டும் போட்டு முடுக்குங்கள். சுவரை ஒட்டிய பக்கத்தில் நட்டுக்கு இடமில்லை என்றால் படியை ஒருமுறை இரண்டங்குலம் நகர்த்தித்தான் ஆக வேண்டும். முடுக்கும்போதே காடிகள் இறுகும் சத்தம் கேட்கும். ஆடிய பலகைகளில் பாதி இதிலேயே அடங்கிவிடும்.

மீதிக்கு, காடியில் இடைவெளி தெரியும் இடத்தில் தேக்கில் சீவிய மெல்லிய ஆப்பைப் பசை தடவி அடியிலிருந்து செருகுங்கள். கொட்டாப்புளியால் (மரச் சுத்தியலால்) மெதுவாகத் தட்டினால் போதும். ஓங்கி அடித்தால் காடியின் உதடு பிளந்துவிடும். முன்பக்கம் சாய்ந்த பலகையையும் இதே ஆப்பால் முன்விளிம்புக்கு அடியில் கொடுத்து மட்டத்துக்குக் கொண்டுவரலாம். கடைசியாக ஒவ்வொரு பலகையின் அடியிலும், இரண்டு முனையிலும், ஓரங்குலம் சதுரக் கட்டையைச் சட்டத்தோடு ஸ்க்ரூ போட்டுத் தாங்கலாகக் கொடுங்கள். காடி கைவிட்டாலும் கட்டை தாங்கும்.

ஸ்க்ரூ போடும்போது ஒரு நுட்பம். வைரம் பாய்ந்த பழைய மரத்தில் துளையிடாமல் ஸ்க்ரூ ஏற்றினால் மரம் பிளக்கும் அல்லது ஸ்க்ரூவின் தலை முறியும். 5 மில்லிமீட்டர் ஸ்க்ரூவுக்கு 3.5 மில்லிமீட்டர் துளை போடுங்கள். பித்தளை ஸ்க்ரூ என்றால் அதே அளவில் இரும்பு ஸ்க்ரூ ஒன்றை முதலில் முழுவதும் ஏற்றிக் கழற்றிவிட்டு, அந்தத் தடத்தில் பித்தளையை ஏற்றுங்கள். மறையில் மெழுகுவத்தியைத் தேய்த்துக்கொண்டால் கைக்கு லகுவாக இருக்கும்.

காலுக்கு இடம்

செலவே இல்லாத சீர்திருத்தம் ஒன்று உண்டு. படியின் அடியில் சாமான் வைக்கிறோம், தூசி விழுகிறது என்று பல வீடுகளில் படியின் முதுகைப் பிளைவுட்டால் அடைத்திருப்பார்கள். அதைக் கழற்றிவிடுங்கள். மச்சுப்படியின் முதுகு திறந்திருப்பது கால்விரல் பலகையைத் தாண்டி உள்ளே நீள்வதற்காக. அடைத்துவிட்டால் விரல் முட்டும், குதிகால் பின்னால் தள்ளப்படும். அரிசி மூட்டைக்குத் திரைச்சீலை போட்டுக்கொள்ளலாம்.

பலகை தேய்ந்தோ இற்றோ போயிருந்தால் மாற்றும்போது அகலத்தைக் கூட்டுங்கள். ஆறரை அங்குலப் பலகை இருந்த இடத்தில் எட்டு, எட்டரை அங்குலப் பலகை போடலாம். கூடுதல் அகலம் பின்பக்கம் போக வேண்டும், அதாவது மேல்படியின் அடிப்பக்கமாக. முன்னால் நீட்டினால் அடுத்த படிக்கான தூரம்தான் குழம்பும். பின்னால் நீட்டினால் ஏறும்போது முன்பாதம் முழுவதும் ஊன்றும். படியைப் பார்த்தபடி இறங்கும்போதும் அப்படியே. காடியைப் பின்பக்கம் நீட்டி வெட்டுவது ஆசாரி வேலை. சட்டம் ஒன்பது அங்குலத்துக்குக் குறைந்த அகலம் என்றால் காடிக்குப் பதிலாக அடியில் தாங்கல் கட்டையை நீட்டிக்கொண்டால் போதும்.

சாய்வைக் குறைக்கலாம் என்று படியின் அடியைச் சற்று வெளியே இழுக்க யோசிப்பவர்கள் உண்டு. சட்டத்தை மட்டும் இழுத்தால் மிதிபலகைகள் எல்லாம் பின்பக்கம் சாயும், மேல்முனையும் எட்டாது. பலகைகளை எல்லாம் கழற்றி மறுபடி காடி வெட்டத் தயாராக இருந்தால் மட்டும் அந்த யோசனைக்குப் போங்கள்.

புதுப்பலகைக்கு மரம்: இரண்டரை அடி வரை நீளமுள்ள மிதிபலகைக்கு ஒன்றே கால் அங்குலக் கனத்துக்குக் குறையாமல் தேக்கு அல்லது வேங்கை. நரம்பு, பலகையின் நீளவாக்கில் ஓட வேண்டும். வேங்கை உழைக்கும், ஆனால் ஈரம் பட்டால் மஞ்சள் சாயம் விடும். வார்னிஷ் போடாமல் விட்டால் வேட்டியில் தெரியும். காரைக்குடியில் செட்டிநாட்டு வீடுகளைப் பிரித்த பழைய மரம் விற்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் வற்றிய மரம் என்பதால் இனி முறுக்கிக்கொள்ளாது. மதுரையிலும் பழைய மரக்கடைகள் உண்டு. வாங்கியதும் ஒரு காந்தத்தை மரத்தின் மேல் நகர்த்திப் பாருங்கள். உள்ளே முறிந்து கிடக்கும் ஆணி ஒன்று போதும், இழைப்புளியின் அலகு போய்விடும்.

விளிம்பும் வழுக்கலும்

பழைய பலகையின் முன்விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். இரண்டு ஓரத்திலும் கூர் மழுங்காமல் இருக்கும், நடுவில் மட்டும் குழிந்து, வழவழவென்று முன்பக்கம் சரிந்திருக்கும். ஈரக்கால் ஊன்றும் இடமும் அதேதான். இந்தச் சரிவை மக்கு வைத்து நிரப்பினால் மிதிபட்டு உதிர்ந்துவிடும். முன்விளிம்பில் ஒன்றரை அங்குலத்தை நேராக அறுத்து எடுத்துவிட்டு அதே அகலத்துக்குப் புதுத் தேக்கு ரீப்பரைப் பசையும் ஸ்க்ரூவும் போட்டு ஒட்டுவது நிலையான வழி. பிறகு விளிம்பின் கூரை உப்புத்தாளால் முறியுங்கள். இரண்டு நூல் ஆரத்துக்கு வளைந்தால் போதும். பந்துபோல உருட்டினால் கால் ஊன்றும் இடம் இன்னும் குறையும்.

சொரசொரப்புக்கு வருவோம். கடையில் கறுப்பு நிறத்தில் உப்புத்தாள் போன்ற ஒட்டுநாடா கிடைக்கும். செருப்புக் காலுக்கு அது சரி. நாம் வீட்டுக்குள் வெறுங்காலோடு நடப்பவர்கள். அது பாதத்தைச் சுரண்டும், சேலைக் கரையைப் பிய்க்கும், ஓரம் உரிந்தால் அதுவே தடுக்கிவிடும். எனக்கு அது பிடிப்பதில்லை. பித்தளைப் பட்டை அழகு. ஆனால் வரியில்லாத வழவழப்பான பட்டை ஈரத்தில் மரத்தைவிட மோசம். போட்டால் வரிவரியாக உள்ளதைப் போட்டு, ஸ்க்ரூத் தலைகளை மட்டத்துக்குக் கீழே இறக்குங்கள். கொலுசும் புடவையும் அதில்தான் மாட்டும்.

வெறுங்காலுக்கு ஏற்றவை இரண்டு. ஒன்று, காடிக் கோடுகள்: விளிம்பிலிருந்து முக்கால் அங்குலம் தள்ளி, அரை அங்குல இடைவெளியில், ஒரு நூல் அகலமும் அதற்கும் குறைந்த ஆழமுமாக மூன்று கோடுகள். ஆசாரியிடம் ரவுட்டர் (காடி வெட்டும் மின்கருவி) இருந்தால் சீக்கிரம் முடிந்துவிடும். கோட்டில் சேரும் அழுக்கைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் எடுக்க வேண்டும், அது ஒன்றுதான் தொல்லை.

மற்றொன்று படகுக்காரர்களின் கைவேலை. இது மட்டும் நான் சொன்ன வரிசைக்கு விலக்கு: பலகைக்கு எல்லாப் பூச்சும் முடிந்த பிறகு, விளிம்பிலிருந்து ஓரங்குலம் தள்ளி, இரண்டங்குல அகலத்துக்கு மேலும் கீழும் பெயிண்டர் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். நடுவில் உள்ள பட்டையில் எண்ணெய் வார்னிஷைத் தாராளமாகத் தடவி, அது ஈரமாக இருக்கும்போதே சலித்து, கழுவி, காயவைத்த நைஸ் மணலைச் சல்லடையால் மேலிருந்து தூவுங்கள். பட்டை முழுவதும் மணலாகவே தெரிய வேண்டும். கஞ்சத்தனமாகத் தூவினால் திட்டுத்திட்டாக நிற்கும். மறுநாள் ஒட்டாத மணலைத் தட்டிவிட்டு, மேலே நீர்த்த வார்னிஷ் ஒரு கை. டேப்பை வார்னிஷ் முழுவதும் இறுகும் முன் உரித்துவிடுங்கள், கோடு கத்தியால் கீறியதுபோல நேராக நிற்கும்.

மணல் உறுத்துகிறது என்றால் அதற்குப் பதில் தூளுப்பைத் தூவுங்கள். எண்ணெய் வார்னிஷில் உப்பு கரையாது. வார்னிஷ் காய்ந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் துடைத்தால் உப்பு கரைந்துபோய், அது இருந்த இடமெல்லாம் நுண்குழிகள் நிற்கும். குழந்தைகள் தவழ்ந்து ஏறும் வீட்டுக்கு இதுவே மேல். மணல் அளவுக்கு நாள்படாது, சில ஆண்டுகளில் மறுபடி செய்ய வேண்டும்.

கைப்பிடி

பழைய வீடுகளில் மேலிருந்து ஒரு தடித்த கயிறு தொங்கும். ஒன்றுமில்லாததற்குக் கயிறு மேல்; ஆனால் ஆள் சாயும் பக்கமே கயிறும் வரும். நிலையான பிடி இரண்டு பக்கமும் வேண்டும். ஒரு கையில் சொம்போ பாயோ இருந்தாலும் மறு கைக்கு ஒரு பிடி இருக்கும்.

கைப்பிடி உருளையாக, ஒன்றரை அங்குல விட்டத்தில் இருக்கட்டும். கடைசல் பட்டறையில் சொன்னால் தேக்கில் கடைந்து தருவார்கள். பட்டையான சட்டத்தைக் கைப்பிடியாக வைத்தால் விரல்கள் சுற்றிப் பிடிக்க முடியாது. விழும்போது உள்ளங்கை அதில் சறுக்கிக்கொண்டே போகும். மிதிபலகையின் விளிம்பிலிருந்து செங்குத்தாக அளந்தால் 32 முதல் 36 அங்குல உயரம். சுவருக்கும் பிடிக்கும் இடையே இரண்டங்குலம், விரல் முட்டி உரசாமல் இருக்க.

சுவரில் பொருத்துவதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பழைய சுவர் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். டிரில் போட்டுப் பிளாஸ்டிக் பிளக் வைத்தால் காரை மாவாகக் கொட்டும், பிளக் கையோடு வரும். சுவரை நம்பாமல் பக்கச் சட்டத்திலேயே மூன்று சிறு தூண்கள் நிறுத்தி, ஒவ்வொன்றையும் இரண்டு போல்ட்டில் பிடித்து, அதன்மேல் கைப்பிடியை ஏற்றுவது உத்தமம். சுவரில்தான் பொருத்தியாக வேண்டும் என்றால், ஆறங்குல அகலப் பலகை ஒன்றைச் சாய்வாகச் சுவரோடு பல இடங்களில் பிடித்துவிட்டு, கைப்பிடியின் தாங்கிகளை அந்தப் பலகையில் போடுங்கள். துளை செங்கல்லில் விழட்டும், காரை இணைப்பில் விழ வேண்டாம். முடித்ததும் இரண்டு கையாலும் பிடித்து, காலைத் தரையிலிருந்து தூக்கித் தொங்கிப் பாருங்கள். உங்கள் எடையைத் தாங்காத பிடியை மாமியார் கையில் கொடுக்கக் கூடாது.

மேலே முடிவது முக்கியம். கைப்பிடி மச்சுத் தளத்தின் மட்டத்தோடு நின்றுவிட்டால், கடைசிப் படியில் கை பிடிக்க எதுவும் இல்லாமல் குனிந்து தளத்தை ஊன்ற வேண்டியிருக்கும். தளத்துக்கு மேலும் மூன்றடி நீள வேண்டும், ஒரு பக்கமாவது. மச்சு வாயிலுக்கு மூடுகதவு இருந்தால் அது திறந்த நிலையில் கொக்கியில் மாட்டிக்கொள்ளும்படி செய்யுங்கள். தலையில் விழுந்த கதவைப் பற்றி எல்லாத் தெருவிலும் ஒரு கதை இருக்கிறது.

பெயிண்டும் பூச்சும்

பல தலைமுறை எனாமல் பெயிண்ட் ஏறிய படியை வறட்டு உப்புத்தாளால் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்டில் ஈயம் இருக்கும் என்று எடுத்துக்கொள்வதே நல்லது. பெயிண்ட் நீக்கும் திரவத்தைத் தடவிச் சுரண்டுங்கள், அல்லது தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாளைப் பயன்படுத்துங்கள். முகக்கவசம் அணியுங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்த நாள்களில் வேறு வீட்டில் இருக்கட்டும். சுரண்டியதைக் கூட்டிப் பெருக்காமல் ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள்.

மிதிபலகைக்கு அரக்குப் பாலிஷ் வேண்டாம். கண்ணாடிபோல மின்னும், தண்ணீர் பட்டால் வெளுக்கும், கால் வழுக்கும். மினுமினுப்பில்லாத மேட் ரகப் பாலியூரித்தேன் வார்னிஷ் மூன்று கை. ஒவ்வொன்றுக்கும் இடையே 220 எண் உப்புத்தாளால் லேசான தேய்ப்பு. பலகையின் அடிப்பக்கத்துக்கும் ஒரு கை கொடுங்கள். மேலே மட்டும் பூசினால் கீழ்முகம் ஈரம் குடித்துப் பலகை வளையும்.

ஒன்றுவிட்டு ஒரு படியாகப் பூசினால் வீட்டார் ஏறி இறங்கலாம் என்று சொல்வார்கள். சாதாரண மாடிப்படிக்கு அது சரி. இந்தச் செங்குத்தில் 18 அங்குலம் தாவ வைப்பது வம்பை விலைக்கு வாங்குவது. மேலே தேவையானதை எல்லாம் கீழே இறக்கிவிட்டு, கீழ்ப்படியில் ஒரு கயிற்றைக் குறுக்கே கட்டிவிட்டுப் பூசுங்கள்.

காலம் என்றால் தையும் மாசியும். மழை ஓய்ந்து மரம் வற்றியிருக்கும், வெயில் இன்னும் கடுமையாகியிருக்காது. கத்திரி வெயிலில் பூசினால் வார்னிஷ் மேலே ஆடைகட்டி, அடியில் கொப்புளம் போடும். தவிரவும் அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் ஊரிலிருந்து வரும் சொந்தங்களுக்கு மச்சில்தான் பாய் விரிக்க வேண்டியிருக்கும். அதற்குள் பூச்சு நன்றாக இறுகியிருக்க வேண்டும்.

விளக்கு ஒன்று, மேலும் கீழும் இயக்கக்கூடிய இரட்டை ஸ்விட்சோடு. படியைப் பார்த்து நிற்கும்போது வெளிச்சம் உங்கள் முகத்துக்கு முன்னாலிருந்து விழ வேண்டும். தலைக்குப் பின்னால் இருந்தால் உங்கள் நிழலே மிதிபலகையை மறைக்கும்.

எல்லாம் முடிந்த பிறகு வீட்டாருக்கு ஒரு பழக்கம் சொல்லிக்கொடுங்கள்: மச்சுப்படியில் இறங்கும்போது முகம் படியைப் பார்த்து இருக்கட்டும். பெரியவர்கள் முதலில் சிரிப்பார்கள், முழங்கால் வலிக்குச் சுகமாக இருப்பது தெரிந்ததும் விடமாட்டார்கள். மழைக்காலம் முடிந்து மரம் வற்றியதும், மறைக் கம்பியின் நட்டுகளை ஒரு சுற்று முடுக்குங்கள். ஊதியிருக்கும்போது முடுக்கினால் காடியின் ஓரம் நசுங்கும். கறுப்புத் துணியையும் ஆண்டுக்கு ஒருமுறை விரித்துப் பார்த்துவிடுங்கள்.